பதவி நீக்கத்தை ஏன் ஒரே வரியில் முடித்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் சேலம் கோட்டைக்காரன். வயது 67. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆலிம் (மார்க்க அறிஞர்) கிடையாது, சரித்திரப் பேராசிரியரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைச் சொல்ல நீ யார் என்று யாராவது கேட்பார்கள்.

போன வெள்ளிக்கிழமை உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் ஏழாம் நூற்றாண்டு அரபுத் தளபதி காலித் பின் வலீத் (ரலி) பற்றி முக்கால் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்தது. 'தோல்வியே காணாத தளபதி' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஜும்ஆ முடித்துவிட்டு வழக்கமான டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், ஒருவர் சத்தமாகப் படிக்க மற்ற நாலு பேரும் கேட்டோம். எங்களில் மூன்று பேர் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு பட்டறை வைத்திருப்பவர், இன்னொருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். எல்லோருமே ரசித்துத்தான் கேட்டோம். எழுதியவருக்குக் கதை சொல்லத் தெரிகிறது, அதில் குறை இல்லை.

ஆனால் கடைசியில் வந்தது பாருங்கள் ஒரு வரி, "பின்னர் படைத் தலைமையிலிருந்து ஓய்வு பெற்று ஹிம்ஸ் நகரில் வாழ்ந்தார்" என்று. கொலுசுப் பட்டறைக்காரர் உடனே கேட்டார்: "ஏனுங்க, அவ்வளவு ஜெயிச்சவரு எதுக்கு ஓய்வு வாங்கினாரு? வயசாயிருச்சா?" வயசும் ஆகவில்லை, ஓய்வும் வாங்கவில்லை. கலீஃபா (நபிகளுக்குப் பின் வந்த ஆட்சித் தலைவர்) உமர் (ரலி) அவரைப் பதவியிலிருந்து இறக்கினார், அதுவும் இரண்டு தடவை. அவருடைய வாழ்க்கையில் அதுதான் உயரமான இடம் என்பது என் கருத்து, அதை நீங்கள் 'ஓய்வு' என்று எழுதி மூடிவிட்டீர்கள். ஹீராவில் அவர் விஷத்தைக் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்கிற கதைக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி கொடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தலைப்பு. தோற்காதவர் என்பது பெரிய அளவில் உண்மைதான். ஆனால் 'அல்லாஹ்வின் வாள்' என்ற பட்டம் அவருக்கு எதற்காக வந்தது என்று பாருங்கள். 629இல், இன்றைய ஜோர்டானில் இருக்கும் மூத்தா என்ற ஊர். அவர் இஸ்லாத்துக்கு வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மூவாயிரம் பேர் கொண்ட முஸ்லிம் படை, எதிரே ரோமர்களும் அவர்களுடைய அரபுக் கூட்டாளிகளும், எண்ணிக்கையில் பல மடங்கு. நபிகள் நாயகம் (ஸல்) மூன்று தளபதிகளை வரிசையாக நியமித்து அனுப்பியிருந்தார்கள்: ஸைத் பின் ஹாரிஸா, அவர் விழுந்தால் ஜஃபர், அவரும் விழுந்தால் அப்துல்லாஹ் பின் ரவாஹா. மூன்று பேரும் அதே வரிசையில் விழுந்தார்கள். ஜஃபருக்கு இரண்டு கையும் போன பிறகுதான் உயிர் போனது. அப்போது படையினர் சேர்ந்து கொடியைக் காலிதின் கையில் கொடுக்கிறார்கள். அன்று தன் கையில் ஒன்பது வாள்கள் உடைந்தன, ஏமன் நாட்டு அகல வாள் ஒன்றுதான் மிஞ்சியது என்று அவரே சொன்னதாக ஹதீஸில் இருக்கிறது.

அன்று அவர் செய்தது என்ன? ஜெயிக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அணியை மாற்றி, வலப்பக்கத்து ஆட்களை இடப்பக்கமும் பின்னால் நின்றவர்களை முன்னாலும் நிறுத்தி, எதிரிக்குப் புதுப் படை வந்துவிட்டதோ என்று சந்தேகம் வரவைத்து, மிச்சம் இருந்த ஆட்களைப் பத்திரமாக ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்வாங்கல்தான் அது. மதீனாவில் சிலர் மண்ணை வாரி எறிந்து 'ஓடுகாலிகளே' என்று கத்தினார்கள், நபியவர்கள்தான் இல்லை, இவர்கள் திரும்பப் போகிறவர்கள் என்று தடுத்தார்கள். ஆக, அவரைப் பெரிய ஆளாக்கிய பட்டமே ஒரு பின்வாங்கலோடு ஒட்டி வந்தது. 'தோல்வியே காணாத' என்று தலைப்புப் போடுகிறவருக்கு இந்த இடம் இடிக்கவில்லையா?

மதீனாவுக்குப் பக்கத்தில் நடந்த உஹத் போரைப் பற்றி எழுதியிருந்தது சரிதான், ஆனால் மேப் இல்லாமல் யாருக்கும் புரியவில்லை. டீக்கடையில் நான் எங்கள் ஊர் கணக்கில் சொன்னேன். ஏற்காட்டுக்குப் போக இரண்டு வழி. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற வழி எல்லோருக்கும் தெரியும், பின்பக்கம் குப்பனூரிலிருந்து ஒரு வழி இருக்கிறது, மழைக்கு மண் சரிந்து முன்பாதை அடைபட்டால் வண்டியெல்லாம் அந்தப் பக்கம்தான் சுற்றும். அடிவாரத்தில் செக்போஸ்ட் போட்டுவிட்டுக் குப்பனூரில் நின்றவர்கள் டீ குடிக்கப் போனால் எப்படி? 625இல் உஹதில் நடந்தது அதுதான். பின்பக்க வழியைக் காக்க நபியவர்கள் ஒரு சிறு குன்றின் மேல் 50 வில்லாளிகளை நிறுத்தி, பருந்து வந்து எங்களைக் கொத்தினாலும் இறங்காதீர்கள் என்று சொல்லியிருந்தும், ஜெயித்தாயிற்று என்று நினைத்து அவர்களில் பெரும்பாலானோர் கீழே இறங்கிப் பொருள் சேர்க்கப் போய்விட்டார்கள். மக்கா குதிரைப் படையோடு அந்தப் பக்கம் காத்திருந்தவர் காலித். அப்போது அவர் எதிரி. குன்று காலியானதைப் பார்த்தார், சுற்றி வந்தார், அவ்வளவுதான், சுமார் 70 முஸ்லிம்கள் ஷஹீதானார்கள் (போரில் உயிர் நீத்தார்கள்), அதில் நபியின் சிறிய தகப்பனார் ஹம்ஸாவும் ஒருவர். (நாங்கள் ராவுத்தர்கள். ராவுத்தர் என்றாலே குதிரைக்காரர்தான். எங்கள் வீட்டில் கடைசியாகக் குதிரை மேல் ஏறியது ஏற்காடு ஏரிக்கரையில் என் பேத்தி, அதுவும் போட்டோவுக்கு.)

பாலைவனப் பயணத்தைப் பற்றி உங்கள் கட்டுரை நன்றாகவே சொன்னது. 634இல் இராக்கிலிருந்து சிரியாவுக்கு உதவிக்குப் போகச் சொல்லி முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடமிருந்து உத்தரவு வருகிறது. தண்ணீர் கிடைக்கிற பாதையில் ரோமர்களின் காவல் இருக்கிறது, தண்ணீர் இல்லாத பாதையில் யாரும் இல்லை. அவர் இரண்டாவதைப் பிடித்தார். ஒட்டகங்களைத் தாகத்தில் வாடவிட்டு, பிறகு வயிறு முட்டத் தண்ணீர் காட்டி, அசைபோடாதபடி வாயைக் கட்டி ஓட்டிப் போனார்கள். தங்குகிற இடத்திலெல்லாம் சிலவற்றை அறுத்து வயிற்றுத் தண்ணீரைக் குதிரைகளுக்குக் கொடுத்தார்கள். ஐந்தாவது நாள் வழிகாட்டி ராஃபிஉக்குக் கண்நோய், பார்வை தெரியவில்லை. இங்கே ஒரு முள்செடி இருக்க வேண்டும், தேடுங்கள் என்கிறார், தேடினால் வெட்டுப்பட்ட அடிக்கட்டை மட்டும் இருக்கிறது, அதன் பக்கத்தில் தோண்டினால் தண்ணீர். எங்கள் தெருவில் மேட்டூர் தண்ணீர் நாலு நாள் வராமல் ஐந்தாவது நாள் குழாயில் காற்று சீறும்போது வருகிற சந்தோஷமே எனக்குத் தெரியும், அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

சரி, இனிமேல் சொல்லப் போவது சிலருக்குப் பிடிக்காது.

அவர் தவறும் செய்தார். அதை நம் பெரியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், நான் புதிதாகக் கிளப்பவில்லை. 630இல் மக்கா வெற்றிக்குப் பிறகு ஜதீமா கோத்திரத்தாரிடம் அவர் அனுப்பப்பட்டார். அவர்களுக்கு 'இஸ்லாத்தை ஏற்றோம்' என்று சரியாகச் சொல்ல வரவில்லை, 'மதம் மாறினோம், மாறினோம்' என்று தங்கள் பேச்சில் சொன்னார்கள். காலித் அதை ஏற்காமல் கைதிகளைக் கொல்லச் சொன்னார். கூட இருந்த உமரின் மகன் அப்துல்லாஹ் என் கைதியைக் கொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டார். செய்தி வந்ததும் நபியவர்கள் இரண்டு கையையும் உயர்த்தி, யா அல்லாஹ், காலித் செய்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு முறை சொன்னார்கள். அலி (ரலி) அவர்களைப் பணத்தோடு அனுப்பி உயிருக்கு ஈடு கொடுக்கச் சொன்னார்கள், நாய் தண்ணீர் குடிக்கிற பாத்திரம் போனதற்குக்கூட அலி கணக்குப் பார்த்துக் கொடுத்தார் என்று இருக்கிறது.

அப்புறம் மாலிக் பின் நுவைரா விவகாரம். நபியவர்களின் மறைவுக்குப் பிறகு நடந்த ரித்தா போர்களின்போது (விலகிப்போன கோத்திரங்களோடு நடந்த சண்டைகள்) தமீம் கோத்திரத் தலைவர்களில் ஒருவரான மாலிக் பிடிபட்டு, காலிதின் பாளையத்தில் கொல்லப்பட்டார். அவருடைய விதவை லைலாவைக் காலித் மணந்துகொண்டார். கைதிகளுக்குக் குளிர் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன வார்த்தைக்கு வேறு வட்டாரப் பேச்சில் கொல் என்று பொருள், அதனால் வந்த வினை என்று ஒரு செய்தி இருக்கிறது, வேண்டுமென்றே செய்தார் என்று இன்னொரு செய்தி. ஷியாக்கள் அவரைப் பற்றி நல்லபடி பேசாததற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம். கூட இருந்த அபூ கதாதா கோபித்துக்கொண்டு மதீனாவுக்கே போய் முறையிட்டார். காலித் மதீனா வந்தபோது தலைப்பாகையில் அம்புகளைச் செருகிக்கொண்டு பள்ளிவாசலுக்குள் நுழைய, உமர் எழுந்து அந்த அம்புகளைப் பிடுங்கி ஒடித்துப் போட்டார். அபூபக்ரோ, இறைவன் உருவிய வாளை நான் உறையில் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மாலிக்கின் சகோதரர் முதம்மிமுக்கு ஈட்டுத் தொகை கொடுத்தார். அந்த முதம்மிம் சகோதரருக்காகப் பாடிய இரங்கற்பாக்கள் அரபியில் இன்றைக்கும் பேர்போனவை.

இதையெல்லாம் ஆன்மிகப் பக்கத்தில் போட்டால் பிரச்சினை வரும் என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் ஹஜ்ரத்மார்கள் மதரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்கிற விஷயத்தைப் பத்திரிகை சொல்லப் பயந்தால் எப்படி? இதை விட்டுவிட்டால், உமர் ஏன் பின்னால் அப்படி நடந்துகொண்டார் என்பது வாசகருக்குப் புரியவே புரியாது. ஏதோ பொறாமை என்று நினைத்துக்கொள்வார். இரண்டு பேரும் உறவுக்காரர்கள், உமரின் தாயாரும் காலிதின் மக்ஸூம் குலத்தைச் சேர்ந்தவர்தான். அங்காளி பங்காளிச் சண்டை என்று கதை கட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

634 ஆகஸ்டில் அபூபக்ர் காலமாகி உமர் கலீஃபா ஆனதும், சிரியாவில் தலைமைத் தளபதி இனி அபூ உபைதா (ரலி) என்று கடிதம் போகிறது. அது டமாஸ்கஸ் முற்றுகையின்போது கிடைத்தது என்று ஒரு கூட்டமும், யர்மூக் களத்தில் கிடைத்தது என்று இன்னொரு கூட்டமும் எழுதியிருக்கிறார்கள். முற்றுகை நடக்கும்போது வேண்டாம் என்று அபூ உபைதா அந்தக் கடிதத்தைச் சில நாள் மறைத்தே வைத்திருந்தார் என்றும் சொல்கிறார்கள். அந்த மனிதர் அப்படி. இறக்கப்பட்டவரிடம் போய் 'இனி நான்தான் பெரியவன்' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

காலித் என்ன செய்தார்? வீட்டுக்குப் போகவில்லை. நேற்று வரை தனக்குக் கீழே இருந்தவருக்குக் கீழே நின்றார். ஃபிஹ்ல், டமாஸ்கஸ், ஹிம்ஸ் என்று எல்லா இடத்துக்கும் போனார். 636 ஆகஸ்டில் யர்மூக் ஆற்றுப் பக்கம் ஆறு நாள் நடந்த சண்டையில், தலைமை அபூ உபைதா, களத்தை நடத்தியது காலித். குதிரைகளையெல்லாம் ஒரே கூட்டமாகக் கையில் வைத்துக்கொண்டு, அணி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டினார் என்பார்கள். ஆறாவது நாள் ரோமப் படை பள்ளத்தாக்குகளின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது, சிரியா அதோடு பைஸாந்தியர் (அந்தக் கிழக்கு ரோமர்கள்தான்) கையை விட்டுப் போனது. பிறகு வட சிரியாவில் இருக்கும் கின்னஸ்ரீனும் பிடிபட்ட செய்தி வந்தபோது, அபூபக்ருக்கு அல்லாஹ் அருள் புரியட்டும், ஆட்களை எடைபோட என்னைவிட அவருக்குத்தான் தெரிந்திருந்தது என்று உமரே சொன்னார். பதவியை எடுத்தவரே சொன்ன வார்த்தை இது.

இரண்டாவது தடவை நடந்ததைத்தான் நான் முதன்முதலாக ஒரு சைக்கிள் கடையில் கேட்டேன்.

எங்கள் அத்தாவுக்கு (அப்பாவுக்கு) லைன்மேட்டில் சைக்கிள் கடை. 1996 கார்த்திகை மாதம். நான் வேலை பார்த்த மில்லில் எனக்கு அப்போதுதான் ஒரு பெரிய அவமானம் நடந்திருந்தது. ரிங் பிரேம் (நூல் நூற்கிற மெஷின்) பகுதிக்குப் பதினோரு வருடம் ஹெட் மேஸ்திரியாக இருந்தவன் நான். புதிதாக வந்த மேனேஜர், டிப்ளமா முடித்த 26 வயசுப் பையனைக் கொண்டுவந்து என் இடத்தில் வைத்துவிட்டு, என்னை மூன்றாம் ஷிப்டுக்கு பிட்டராகப் போட்டார். பையன் நல்ல பையன்தான், மெஷின் தெரியும். எங்கள் கூடம் தெரியாது. வடக்குச் சுவரை ஒட்டி மூன்று பிரேம், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஓதம் ஏறி வேர்க்கும், அப்போது ரோலரில் பஞ்சு சுத்திக்கொண்டே இருக்கும், இழை அறுந்துகொண்டே இருக்கும். அந்த மூலைக்கு மட்டும் ஈரம் அடிக்கிறதைக் குறைத்துவிட வேண்டும், எந்த வால்வு என்று எனக்குத் தெரியும். நான் வாயே திறக்கவில்லை. மூன்று வாரம். பையன் ரோலரை மாற்றினான், பஞ்சைக் குறை சொன்னான், ராத்திரியெல்லாம் கத்தியை வைத்துக்கொண்டு சுத்தின பஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தான். நான் நாலு பிரேம் தள்ளி நின்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் நன்றாகத்தான் இருந்தது.

அந்த மாதம் சைடர்களுக்கெல்லாம் (பிரேமைப் பார்த்துக்கொள்கிற தொழிலாளர்கள்) இன்சென்டிவ் வெட்டு. கிச்சிப்பாளையத்திலிருந்து வருகிற ஒரு அம்மா, சம்பளக் கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "ஏனுங்கண்ணே, உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது.

இதை நான் அத்தாவிடம் போய்ப் பெருமையாகத்தான் சொன்னேன். என்னை இறக்கினார்களே, இப்போது தெரியுதா என்கிற மாதிரி. அவர் ஒரு சக்கரத்தைக் கவட்டில் மாட்டிச் சுற்றிவிட்டு, ஸ்போக் சாவியை வைத்துப் பெண்டு எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. ரிம் ஓடுவதையே பார்த்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தார்.

காலித் பின் வலீத் கின்னஸ்ரீனில் கவர்னராக இருக்கிறார், ஹிஜ்ரி 17, ஏறக்குறைய 638. அஷ்அஸ் பின் கைஸ் என்ற தலைவர் வந்து அவரைப் புகழ, காலித் பத்தாயிரம் திர்ஹம் எடுத்துக் கொடுத்துவிட்டார். உமருக்குச் சேதி போய்விட்டது. கடிதம் வருகிறது: காலிதைச் சபையில் நிறுத்தி, அவருடைய தொப்பியைக் கழற்றி, அவர் தலைப்பாகையாலேயே அவரைக் கட்டி விசாரியுங்கள், சொந்தப் பணத்தைக் கொடுத்திருந்தால் வீண் செலவு, பொதுப் பணத்தைக் கொடுத்திருந்தால் மோசடி, எப்படியானாலும் பதவியிலிருந்து நீக்குங்கள். அபூ உபைதா மிம்பரில் (பள்ளிவாசல் பிரசங்க மேடையில்) உட்கார்ந்திருக்கிறார், பேச வாய் வரவில்லை. பிலால் (ரலி) எழுந்தார். மக்காவில் அடிமையாக வெயிலில் கிடத்தி மார்பில் கல் வைக்கப்பட்டவர் அவர். அவர் போய், யர்மூக்கை ஜெயித்தவரின் தொப்பியைக் கழற்றுகிறார், தலைப்பாகையைப் பிரிக்கிறார், கட்டுகிறார், கேட்கிறார். காலித் கையை ஓங்கவில்லை. சுற்றி நின்றதெல்லாம் அவருடைய படை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் சொந்தப் பணம் என்று மட்டும் பதில் சொன்னார். உடனே பிலால் கட்டை அவிழ்த்து, தொப்பியை வைத்து, தன் கையாலேயே தலைப்பாகையைத் திரும்பக் கட்டிவிட்டார். எங்கள் அதிகாரிகளின் பேச்சைக் கேட்கிறோம், எங்கள் பெரியவர்களுக்கு மரியாதையும் செய்கிறோம் என்றார்.

தலைப்பாகை கட்டுகிற இடம் வந்ததும் அத்தா சக்கரத்தை நிறுத்திவிட்டார். "கொடியத்தான்டா வாங்கினாங்க, கத்திய யாரும் வாங்கல. நீ என்னான்னா கத்தியையும் சேத்துக் கீழ போட்டுட்டு நிக்கிற" என்றார். பிறகு இன்னும் ரெண்டு ஸ்போக்கை முடுக்கினார்.

மறுநாளே போய் அந்தப் பையனிடம் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை. இன்னும் ஒரு வாரம் ஆனது. பிறகு ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய் வால்வைக் காட்டினேன். "ஏன் மேஸ்திரி முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

காலிதும் ஒன்றும் கல்லு மாதிரி இருந்துவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கட்டுரையாளர் அவரை மாவீரர் ஆக்கியதுபோல நான் மகான் ஆக்கிவிடுவேன். அவர் மதீனாவுக்கே போய் உமரின் முகத்துக்கு நேராக, உம்மைப் பற்றி முஸ்லிம்களிடம் முறையிட்டிருக்கிறேன், என் விஷயத்தில் நீர் நியாயமாக நடக்கவில்லை என்று சொன்னார். உமர் கணக்குக் கேட்டார். அறுபதாயிரத்துக்கு மேல் இருப்பது உங்களுக்கு என்று காலித் சொல்ல, சொத்தை மதிப்பிட்டு இருபதாயிரம் திர்ஹம் பொதுக் கருவூலத்துக்குப் போனது. அதற்குப் பிறகு உமர் எல்லா ஊர்களுக்கும் எழுதினார்: கோபத்தாலோ அவர் மோசடி செய்தார் என்றோ காலிதை நீக்கவில்லை, மக்கள் அவர் மேல் மயங்கிப்போய் வெற்றி அவரால்தான் வருகிறது என்று நம்பிவிடுவார்களோ என்று பயந்தேன், செய்கிறவன் இறைவன்தான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று.

இந்தக் காரணத்தை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். ஒரு மனிதன் தப்பு செய்ததால் இல்லை, ஜெயித்துக்கொண்டே இருந்ததால் இறக்கப்படுவது நியாயமா? அவர் பக்கம் நின்று பார்த்தால் அநியாயம்தான், அவரே அப்படித்தான் சொன்னார். உமர் பக்கம் நின்றால், ஆளைப் பார்த்துக் கும்பிடுகிற கூட்டம் எங்கே போய் நிற்கும் என்பதைப் பார்த்தவர் அவர். கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு உமரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதில் எனக்கு இன்றைக்கும் தீர்ப்பு இல்லை. ஆனால் ஒன்று: ஒரு பக்கம் படை முழுக்கக் கையில் இருந்தும் கலகம் செய்யாத தளபதி, இன்னொரு பக்கம் தலைப்பாகையைக் கழற்றிய கையாலேயே கட்டிவிட்ட பிலால், இந்த இரண்டும் சேர்ந்து இருந்ததால்தான் அந்த விசாரணை ரத்தம் சிந்தாமல் முடிந்தது. பைஸாந்திய சரித்திரத்திலேயே பதவி போன தளபதிகள் என்னென்ன செய்தார்கள் என்று பார்த்தால் இதன் அருமை தெரியும். அவர்களில் பலருடைய கதை தலைநகரை நோக்கித் திரும்பியிருக்கிறது.

642இல், ஹிஜ்ரி 21இல், அவர் ஹிம்ஸில் படுக்கையில் காலமானார். மதீனாவில் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். உடம்பில் வாளோ ஈட்டியோ அம்போ படாத இடம் ஒரு சாண்கூட இல்லை, ஆனாலும் ஒட்டகம் சாகிறதுபோலப் படுக்கையில் சாகிறேனே என்று வருத்தப்பட்டார். விட்டுப்போனது ஒரு குதிரை, ஆயுதங்கள், ஒரு பணியாள், இவ்வளவுதான் என்று கேள்விப்பட்டதும் உமர், அவரைப் பற்றி நாம் வேறு மாதிரி நினைத்துவிட்டோம் என்றார். ஒப்பாரி கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்த அதே உமர், அவருடைய குலத்துப் பெண்கள் அழுதபோது, அபூ சுலைமானுக்காக (காலிதைத்தான் அப்படிச் சொல்வார்கள்) அழட்டும், விடுங்கள் என்றார். இந்த இரண்டு வரிகளுக்கு உங்கள் முக்கால் பக்கத்தில் இடம் இல்லாமல் போய்விட்டது, விஷக் கிண்ணத்துக்கு இருந்தது.

அவர் பெயரை இன்றைக்கு யார் யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். பாகிஸ்தான் ராணுவத்தில் ஒரு டாங்கிக்கு அவர் பெயர். ஐ.எஸ். கூட்டத்தோடு சேர்ந்த ஒரு ஆயுதக் குழு, காலித் பின் வலீத் படை என்று பெயர் வைத்துக்கொண்டு அதே யர்மூக் பள்ளத்தாக்கு ஊர்களை 2018 வரை ஆட்டிப் படைத்தது. வெறும் 'தோல்வியே காணாத வாள்' என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு அந்த வாள் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். மாலை போட்டிருந்த எங்கள் நண்பர் மேற்படி சைக்கிள் கடைக் கதையைக் கேட்டுவிட்டு, "இதைப் போட்டிருந்தா நான் வெட்டி வெச்சிருப்பேன்" என்றார். அவர் பேப்பரில் எதையாவது வெட்டி வைத்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு திருத்தம், இதையாவது கண்டிப்பாகப் போடுங்கள். கட்டுரைக்கு நடுவில் ஒரு பள்ளிவாசல் படம், கறுப்பும் வெள்ளையுமான கல்வரிசை, இரண்டு உயரமான மினார், ஒன்பது குவிமாடம். கீழே 'டமாஸ்கஸ்' என்று அச்சாகியிருந்தது. அது டமாஸ்கஸ் இல்லை, ஹிம்ஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உஸ்மானியர் (ஒட்டோமான் துருக்கியர்) காலத்தில் திரும்பக் கட்டியது. அவருடைய அடக்கத்தலம் அதற்குள்தான் இருக்கிறது. 2013இல் உள்நாட்டுச் சண்டையில் அந்த அடக்கத்தலமும் குண்டுக்குத் தப்பவில்லை, இப்போது சரிசெய்திருக்கிறார்கள். நீங்கள் போட்டது சண்டைக்கு முந்தைய பழைய படம், முன்னால் பூந்தோட்டம் முழுசாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் மேஸ்திரி,
கோட்டை, சேலம்.